தொழிற்சங்கம்: நன்மையா, தீமையா?



எலவனாசூர்கோட்டையில் ஒருநாள் இஷா தொழுகைக்குப் பின் ஒரு தந்தை கவலையோடு என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், மகன் ஒரகடத்தில் ஓர் ஆலையில் வேலை செய்கிறான். சங்கத்தில் சேரச் சொல்கிறார்களாம். சேர்ந்தால் வேலைக்கு ஆபத்து வருமோ? மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?" என்று கேட்டார். நம்மூர்ப் பிள்ளைகள் பலர் ஆலைகளை நாடிச் செல்லும் இக்காலத்தில், இது ஒரு குடும்பத்தின் கேள்வி மட்டுமன்று.

நபி (ஸல்) அவர்களின் இளமைக் காலத்தில், யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிய மக்கத்துப் பிரமுகர் விலையைக் கொடுக்க மறுத்தார். தனியொருவராக அந்த வணிகரால் எதுவும் செய்ய இயலவில்லை. அப்போது நல்லோர் சிலர் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவருக்கு உரிமையைப் பெற்றுத் தருவோமென உடன்படிக்கை செய்தனர். அதுவே 'ஹில்ஃபுல் ஃபுளூல்'. அதில் பங்கேற்ற நபியவர்கள், இஸ்லாம் வந்த பின்பும் அத்தகைய அழைப்பு வந்தால் ஏற்பேன் என்ற கருத்தில் பிற்காலத்தில் கூறினார்கள். உரிமைக்காக ஒன்றுகூடுவது குற்றமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமது மாநிலத்தின் வரலாற்றையும் பாருங்கள். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. திரு.வி.க. போன்றோர் துணை நின்றனர். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களே அதன் அடித்தளம். 1920-இல் நிறுவனம் சங்கத் தலைவர்கள் மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. சங்கத்திற்குச் சட்டப் பாதுகாப்பு தேவை என்ற குரல் வலுத்தது. 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

நூறாண்டு கடந்தும் அதே கேள்வி எழுந்தது. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதே முதன்மையான கோரிக்கை. 37 நாள்களுக்குப் பின், அரசின் முயற்சியால் அக்டோபர் 15 அன்று அது முடிவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவு பெற்றது. சிந்தித்துப் பாருங்கள்! தொழிலாளிக்குச் சம்பள இழப்பு, ஆலைக்கு உற்பத்தி இழப்பு. முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் இருவருக்கும் இந்த நஷ்டம் ஏற்பட்டிருக்குமா?

அதேவேளை, சங்கத்தின் பெயரால் நடக்கும் அனைத்தும் நன்மையாகிவிடாது. 2012 ஜூலை 18 அன்று ஹரியானாவின் மானேசரில் மாருதி ஆலையில் எழுந்த கலவரத்தில் மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். ஆலை ஏறத்தாழ ஒரு மாதம் மூடிக் கிடந்தது. 2017-இல் 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வீடுகளின் கண்ணீருக்கு எந்த ஊதிய உயர்வு ஈடாகும்?

சகோதரன் அநீதி இழைத்தாலும், அநீதிக்கு ஆளானாலும் அவனுக்கு உதவுமாறு நபியவர்கள் பணித்தார்கள். அநீதி இழைப்பவனுக்குச் செய்யும் உதவி, அவனைத் தடுப்பதே என்றும் விளக்கினார்கள். சங்கத்திற்கான அளவுகோல் இதுவே. முதலாளியின் அநீதியைத் தட்டிக் கேட்க வேண்டும். தன் உறுப்பினரின் சோம்பலையும் வன்முறையையும் தடுக்கவும் வேண்டும். இரண்டையும் செய்யும் சங்கம் ஆலைக்கும் பலமாகும். மனக்குறை வெடிக்கும் முன்பே அது நிர்வாகத்தின் காதுக்கு எட்டிவிடும். முதலாவதை மட்டும் செய்தால், நாளடைவில் வேலை தரும் ஆலையே நலிவடையும்.

கடையோ பட்டறையோ நடத்தும் சகோதரர்களே! வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஊழியர் இருவர் சேர்ந்து வந்து குறை சொன்னால் அதைக் கலகமென எண்ணாதீர்கள்.

அந்தத் தந்தையிடம் நான் சொன்னது இதுதான்: "மகன் சேரட்டும். ஆனால் கணக்கைக் காட்டும் சங்கமா, சட்டப்படி நோட்டீஸ் கொடுத்துப் போராடும் சங்கமா என்று விசாரித்துச் சேரட்டும். வாங்கும் சம்பளத்திற்குரிய வேலை ஓர் அமானிதம். அதில் குறை வைக்க வேண்டாமென்றும் சொல்லுங்கள்."

கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, பெற வேண்டியதை நேர்மையாகப் பெறும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.