ஸ்டென்டின் மெருகு

இருதயத்தின் ரத்தக் குழாய் அடைபட்டால், அதை விரித்துத் தாங்குவதற்காக உள்ளே வைக்கப்படும் உலோக வலையே ஸ்டென்ட். 1986-ம் வருஷத்தில் ஐரோப்பாவில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. 2017 பிப்ரவரியில் இந்திய சர்க்கார் இதற்கு உச்ச விலை விதித்தது: வெறும் உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். ஏழைகளின் பொருட்டு அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் விலையோடு விஷயம் முடிந்துவிடவில்லை.

மெல்லிய உலோகக் குழலை லேஸர் கதிரால் அறுத்து இவ்வலையைச் செய்கிறார்கள். அறுபட்ட ஓரங்களில் உருகிய உலோகம் பிசிறாகவும் கசடாகவும் ஒட்டிக்கொள்ளும். அப்படியே உடலில் வைத்தால், கரடான பரப்பில் ரத்தம் உறையக்கூடும். நுண்ணிய கீறலிலிருந்து கம்பி முறியக்கூடும். இருதயமோ வருஷத்திற்கு ஏறக்குறைய நான்கு கோடி தடவை துடிக்கிறது.

ஆகையால் முதலில் அமிலத்தில் கசடு நீக்குகிறார்கள். பின்னர் வேறோர் அமிலக் கரைசலில் வலையை நேர்மின் முனையாக அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மேடுகள் பள்ளங்களைவிட விரைவில் கரைந்து பரப்பு வழவழப்பாகிறது. குறைவாய்க் கரைத்தால் பிசிறு நிற்கும். மிகுதியாய்க் கரைத்தால் கம்பி வலுவிழக்கும். இக்காலத்து ஸ்டென்டுகள் பலவற்றில் கம்பியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

விலை குறையும்போது, லாபத்தையே கருதுபவன் கை வைப்பது கண்ணுக்குத் தெரியாத வேலையில்தான். எனவே ஒவ்வொரு தொகுதியின் பரப்பையும் உருப்பெருக்கியில் சோதித்த விவரம் ஆஸ்பத்திரிகளுக்குக் கிடைக்கச் செய்வது அவசியமென்பது நமது அபிப்பிராயம். நோயாளி தன் இருதயத்தைத் திறந்து பார்த்துக்கொள்ள முடியாது. அவன் பொருட்டு சர்க்காரே பார்த்தாக வேண்டும்.