பின் சேர்ந்தால் போதாது

மைசூரு குவெம்புநகரில் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் மின்ஸ்கூட்டருக்குப் புது பேட்டரி போட்டார். பதிவெண் தேவைப்படாத, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத சின்ன வண்டி. நான்கு ஈய அமில பேட்டரிகள் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு லித்தியம் பெட்டி. "பழைய சார்ஜரே போதும் சார். அதுவும் 48 வோல்ட், இதுவும் 48 வோல்ட். பின்னும் சரியா உட்காருது" என்றார். மாற்றிக் கொடுத்த கடையிலும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சார்ஜரைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன். அவுட்புட் 58.8 வோல்ட் என்று இருந்தது. "இதைச் சொருகாதீங்க சார்" என்று கையோடு வாங்கி வைத்துக்கொண்டேன்.

48 வோல்ட் என்பது பேட்டரியைக் கூப்பிடும் பெயர். முழுதாக நிரம்பும்போது அது எத்தனை வோல்ட்டில் நிற்கும் என்பது வேறு கணக்கு. ஈய அமில பேட்டரி ஒன்றுக்கு 12 வோல்ட் என்று பெயர். சார்ஜ் ஏற்றும்போது ஏறத்தாழ 14.7 வரை கொண்டுபோவார்கள். நான்கு சேர்ந்தால் 58.8. ஆசிரியரின் லித்தியம் பெட்டிக்குள் 13 செல்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஒரு செல்லின் உச்சவரம்பு 4.2 வோல்ட். பதின்மூன்றுக்கு 54.6. இதற்குப் பழைய சார்ஜரைப் போட்டால் ஒவ்வொரு செல்லையும் அது 4.5 வோல்ட்டுக்கு மேல் தள்ளப் பார்க்கும்.

0.3 வோல்ட் கூடினால் என்ன என்று தோன்றலாம். லித்தியம் செல்லுக்கு அது பெரிய தூரம். வரம்பைத் தாண்டினால் ஒரு பக்க மின்முனையான கிராஃபைட்டுக்குள் போய் உட்கார வேண்டிய லித்தியம் அதன் மேலேயே உலோகமாகப் படியத் தொடங்கும். எதிர்ப்பக்க மின்முனையின் கட்டமைப்பு குலைந்து, சூடு ஏறும்போது ஆக்சிஜனை விடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் திரவமோ எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான். சூடு சூட்டை வளர்க்கும் நிலைக்கு ஒரு செல் போய்விட்டால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டுதான் போகும்.

பெட்டிக்குள் பி.எம்.எஸ். என்ற காவல் பலகை இருக்கிறதே, அது துண்டித்துவிடாதா? நல்ல பலகை துண்டிக்கும். ஆனால் அது கடைசித் தாழ்ப்பாள். தவறான சார்ஜரைப் போட்டுவிட்டு, தினமும் அந்தத் தாழ்ப்பாளை நம்பித் தூங்கக் கூடாது. மலிவான பெட்டிகளில் அது எந்தத் தரத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்லவும் முடியாது.

48 வோல்ட் என்ற பெயரில் இன்னொரு வகையும் கடையில் கிடைக்கிறது: லித்தியம் இரும்பு பாஸ்பேட். செல்லுக்கு 3.65தான் உச்சம், 16 செல்கள், ஆக 58.4. இதன் சார்ஜரை ஆசிரியரின் பெட்டிக்குப் போட்டாலும் அதே ஆபத்து. தலைகீழாக, 54.6 சார்ஜரை ஈய அமில பேட்டரிக்குப் போட்டால் தீ வராது. ஆனால் ஒருநாளும் முழுதாக நிரம்பாமல், சில மாதங்களில் பேட்டரி செத்துப்போகும். பேட்டரி மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

பின் பொருந்தினால் சரி என்ற பழக்கம் நமக்குச் செல்போனிலிருந்து வந்தது. டைப்-சி வயரில் முதலில் வருவது 5 வோல்ட்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் போன் கேட்கும், சார்ஜர் தன்னால் முடிந்ததைச் சொல்லும், இரண்டும் ஒத்துக்கொண்ட பிறகே கூடும். மலிவு ஸ்கூட்டர் சார்ஜருக்கு இந்தப் பேச்சுவார்த்தையெல்லாம் கிடையாது. லேபிளில் இருப்பதை அப்படியே தள்ளும். பின்னும் பொதுவானது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகும் அதே மூன்று ஓட்டை பிளக்கைப் பல சின்ன வண்டிகளில் சார்ஜ் போடுவதற்கு வைத்திருக்கிறார்கள். எந்த ஓட்டையில் பிளஸ், எதில் மைனஸ் என்பது வண்டிக்கு வண்டி மாறும். வீட்டிலுள்ள கம்ப்யூட்டர் வயரை எடுத்து யாராவது வண்டிக்கும் சுவருக்கும் நேராக மாட்டிவிட்டால் 230 வோல்ட் பேட்டரிக்குள் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏத்தர் நிறுவனம் உருவாக்கிய இணைப்பானை இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளுக்கான இந்தியத் தரமாக 2023-ல் அறிவித்தார்கள். அது பரவினால் குழப்பம் குறையும். ஏற்கெனவே தெருவில் ஓடும் வண்டிகளுக்கு லேபிள்தான் துணை.

சார்ஜரின் அவுட்புட் வோல்ட்டும் பேட்டரி முழுதாக நிரம்பும் வோல்ட்டும் கச்சிதமாக ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர், பேட்டரிக்காரர் சொன்ன வரம்புக்குள் இருந்தால் போதும். 30 ஆம்பியர்-அவர் பெட்டிக்கு 6 ஆம்பியர் சார்ஜர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், அவ்வளவுதான். சீக்கிரம் ஆகட்டும் என்று 15 ஆம்பியர் சார்ஜர் வாங்குவதற்கு முன் பெட்டி அதைத் தாங்குமா என்று எழுத்தில் பாருங்கள். சாமுண்டி மலை ஏறி இறங்கிய வண்டியை வந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும்.

சார்ஜரை மாற்றிப் போடும் வம்பு இ-சிகரெட்டிலும் உண்டு. கர்நாடகம் அதை 2016-லேயே தடை செய்தது. 2019-ல் நாடு முழுக்கத் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாவற்றையும் சட்டம் நிறுத்தியது. அதை விற்க அனுமதிக்கும் அமெரிக்காவில், சாதனத்தோடு வந்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்துங்கள், போன் சார்ஜரில் போடாதீர்கள் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் மக்களுக்குச் சொல்லி வருகிறது. அத்தகைய சாதனங்கள் பலவற்றில் இருக்கும் 18650 செல் நம் வீட்டு டார்ச்சிலும் உண்டு. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். அதே அளவில் 4.2 வோல்ட் உச்சமுள்ள செல்லும் வருகிறது, 3.65 வோல்ட் உச்சமுள்ள செல்லும் வருகிறது. சார்ஜரின் குழியில் இரண்டும் ஒரே மாதிரி உட்காரும். உறையில் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் போடக் கூடாது. உறை கிழிந்த செல்லைப் போடவே கூடாது. சாவிக்கொத்து இருக்கும் சட்டைப்பையில் வெறும் செல்லைப் போட்டுக்கொண்டு நடப்பதும் வேண்டாம்.

சார்ஜரைச் சரியாகத் தேர்ந்த பிறகும் எங்கே சார்ஜ் போடுகிறோம் என்பது இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாதில் மின்ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை மேலேயிருந்த விடுதிக்கு ஏறி, 8 பேர் உயிரை வாங்கியது. தீயைவிடப் புகை முந்திக்கொள்கிறது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வண்டி நிற்பது மாடிப்படிக்குக் கீழே அல்லது வாசற்கதவை ஒட்டிய நடையில். தப்பித்து ஓட இருக்கும் ஒரே வழி அதுதான். காம்பவுண்டின் வெளிமூலையில் எர்த் உள்ள நல்ல பிளக் ஒன்று வைக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் செலவு கட்டாயம் தகும். பெட்டி உப்பினாலோ, பெயின்ட் போன்ற இனிப்பு நெடி வந்தாலோ, சூடு கையைச் சுட்டாலோ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே போங்கள். 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

மறுநாள் ஆசிரியரும் நானும் அந்தக் கடைக்குப் போய் 54.6 வோல்ட் சார்ஜர் வாங்கினோம். மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து அளந்தும் காட்டினார்கள். சில சார்ஜர்கள் பேட்டரி மாட்டாதவரை எதையும் காட்டாது, இது 54.5 காட்டியது. வீட்டுக்கு வந்ததும் அவர் பேத்தியிடம் மார்க்கர் வாங்கி, பெட்டி மேலும் சார்ஜர் மேலும் 54.6 என்று பெரிதாக எழுதினார். பழைய சார்ஜர் வீட்டில் இருந்தால் என்றைக்காவது யாராவது எடுத்துச் சொருகிவிடுவார்கள் என்று, அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.