சிற்றடுக்களையில் இடம் பெருக்கல்

கமக்காரர் இல்லங்கள் பலவற்றில் அடுக்களை சிறிது. அங்கு கிடக்கும் பொருள்களோ பல. விதைநெல் மூடை, செத்தல் மிளகாய்ச் சாக்கு, விறகு, மருந்துப் போத்தல் யாவும் ஒருங்கே இருப்பின் மரக்கறி நறுக்க இடம் ஏது?

சமையலுக்கு உரியனவல்லாதவற்றை முதலில் அகற்றுக. பூச்சிநாசினியும் களைநாசினியும் அடுக்களையில் ஓர் இரவேனும் இருத்தலாகாது. அவற்றை வாங்கிய போத்தலிலேயே, பிள்ளைகளுக்கு எட்டாத வேறிடத்திற் பூட்டி வைத்தல் வேண்டும். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த நஞ்சு, தாகத்தோடு வருபவர்க்கு நஞ்சாகத் தோன்றாது. விதைநெல்லும் அங்கு வேண்டாம். அடுப்பின் வெப்பமும் உலையின் ஆவியும் அதன் முளைதிறனைக் கெடுக்கும். நன்கு உலர்த்தி, வேறோர் அறையில், சுவரிற் படாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குக. வெங்காயப் பிடிகளைக் காற்றோட்டமுள்ள கொட்டிலின் வளையிலே தொங்கவிடலாம்.

இனி அடுப்பு. நிலத்திலுள்ள அடுப்பை மேடைமீது உயர்த்தி, மேடையை ஒரு பக்கம் இரண்டடி நீட்டினால், நறுக்குதற்குத் தட்டும் அதன்கீழ் விறகுக்கு அறையும் கிடைக்கும். விறகறை அடுப்பு வாய்க்கு நேரே அமையலாகாது. மேடையின் உயரத்தை மேசன் தீர்மானித்தல் சரியன்று. அங்கு நின்று சமைப்பவரின் இடுப்பே அளவுகோல். சுவரில் தட்டு அடிக்க, கூரை வேலையில் மிஞ்சிய பனஞ்சலாகைத் துண்டுகள் போதும். அம்மியை நகர்த்த எவரும் இலகுவில் இசையார். ஆயினும் அது பின்விறாந்தைக்குச் சென்றால் இன்னும் ஒருவர் நிற்க இடமுண்டு.