நான்கு தண்டுப் பின் தொங்கல் அமைப்பு

நான்கு தண்டுப் பின் தொங்கல் அமைப்பு என்பது வாகனத்தின் பின் அச்சை நான்கு இணைப்புத் தண்டுகளால் சட்டகத்துடன் பிணைக்கும் அமைப்பு ஆகும். இதில் எடையைச் சுருள் வில்களோ காற்று வில்களோ தாங்குகின்றன. பழைய சுமையுந்துகளைப் புதுப்பிப்போர் பட்டை வில்களை நீக்கிவிட்டு இவ்வமைப்பைப் பொருத்துவது உண்டு.

பட்டை வில்லிலிருந்து வேறுபாடு

எளாவூர் வழியாகச் செல்லும் சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் ஓடும் சுமையுந்துகளில் பெரும்பாலானவை பட்டை வில் கொண்டவை. பணிமனைகளில் இதனைக் கமான் பட்டை என்பர். எண்ணூர் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் பழைய காமெட் வகையும் இத்தகையதே.

பட்டை வில் எடையைத் தாங்குகிறது. அச்சை அதன் இடத்தில் நிறுத்துகிறது. சக்கரங்களின் உந்து விசையையும் தடுப்பு விசையையும் சட்டகத்துக்குக் கடத்துகிறது. தண்டு அமைப்பில் வில் எடையை மட்டுமே தாங்கும். பிற பணிகள் அனைத்தும் தண்டுகளைச் சேரும். எனவே ஒரு தாங்கியின் பற்றவைப்பு விட்டுப்போனாலும் அச்சு இடம் பெயரக்கூடும்.

இதற்கு நெருங்கிய வகை ஒன்றைச் செவர்லே நிறுவனம் 1960 முதல் 1972 வரை தன் சி-10 சிறு சுமையுந்துகளில் பயன்படுத்தியது. அதில் இரு நீண்ட தண்டுகளும் சுருள் வில்களும் இருந்தன. அமெரிக்காவின் நாஸ்கார் கோப்பைப் பந்தயச் சிற்றுந்துகளில் அத்தண்டு முறை 2021 வரை நீடித்தது.

உறுப்புகள்

கீழ்த் தண்டுகள் இரண்டும் மேல் தண்டுகள் இரண்டும் அச்சு முன்பின்னாக நகராமலும் சுழலாமலும் காக்கின்றன. நான்கும் இணையாக இருப்பின், பக்கவாட்டு அசைவைத் தடுக்கப் பன்ஹார்டு தண்டு என்னும் குறுக்குத் தண்டு தேவை. மேல் தண்டுகளைச் சாய்வாக, முக்கோண வடிவில் பொருத்தினால் அது தேவையில்லை.

பொருத்தும் முறை

1. வாகனம் வழக்கமான சுமையுடன் நிற்கும் உயரம் முதலில் முடிவு செய்யப்படுகிறது. எல்லா அளவுகளும் இவ்வுயரத்திலேயே எடுக்கப்பட வேண்டும்.
2. அச்சு சட்டகத்தின் நடுவிலும், அதற்குச் செங்குத்தாகவும் வைக்கப்படுகிறது. சட்டகத்தின் குறிப்புப் புள்ளிகளிலிருந்து மூலைவிட்டங்களை அளந்து இது சரிபார்க்கப்படுகிறது.
3. பற்சக்கரப் பெட்டியின் வெளியீட்டுத் தண்டும் பின் அச்சின் பினியன் தண்டும் இணையாக அமைக்கப்படுகின்றன. புரொப்பெல்லர் தண்டின் ஒரு மூட்டு உண்டாக்கும் வேக ஏற்றத்தாழ்வை மற்ற மூட்டு நீக்குவதற்கு இரு கோணங்களும் சமமாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் அதிர்வு உண்டாகும்.
4. பன்ஹார்டு தண்டு இயன்ற அளவு நீளமாகவும் கிடைமட்டமாகவும் பொருத்தப்படுகிறது.
5. ரப்பர் புஷ்களின் மரைகள் வாகனம் தன் உயரத்தில் நிற்கும்போதே இறுக்கப்படுகின்றன. உயர்த்திய நிலையில் இறுக்கினால், இறக்கியபின் ரப்பர் எப்போதும் முறுக்கப்பட்டே இருந்து விரைவில் கிழியும்.

நான்காம் படியின் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். 900 மி.மீ. நீளமுள்ள கிடைமட்டத் தண்டின் அச்சு முனை 75 மி.மீ. உயர்ந்தால், அச்சு பக்கவாட்டில் 3 மி.மீ. அளவே நகரும். அதே தண்டு தொடக்கத்திலேயே 75 மி.மீ. சாய்ந்திருந்து, சாய்வு மேலும் 75 மி.மீ. கூடினால் நகர்வு ஏறத்தாழ 9.5 மி.மீ. ஆகும்.

சுமையும் உயரமும்

சரக்கு ஏற்றும்போது வாகனம் தாழ்வதால் தண்டுகளின் கோணங்கள் மாறுகின்றன. காற்று வில்லில் உயரம் காக்கும் வால்வு கூடுதல் காற்றைச் செலுத்தி இம்மாற்றத்தைக் குறைக்கிறது. கனரக வாகனங்களில் தண்டு அமைப்பு பெரும்பாலும் காற்று வில்லுடன் சேர்ந்தே காணப்படுவதற்கு இது ஒரு காரணமாகும். மிகைச்சுமை வழக்கமாக ஏற்றப்படும் இடங்களில், எளிதில் பழுதுநீக்கத்தக்க பட்டை வில் விரும்பப்படுகிறது.

இந்தியச் சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதனை உறுதிசெய்தது. அவ்வாண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். ஆகவே இந்தியாவில் பொதுச்சாலையில் ஓடும் சுமையுந்துக்கு, எவ்வளவு சரியாகப் பொருத்தப்பட்டிருப்பினும், பணிமனையில் செய்த தண்டு அமைப்பு சட்டச் சிக்கலை உண்டாக்கக்கூடும்.