'வாங்கின விலைக்கு வந்தா வித்துடுவேன்!' - சரிந்த டெக் பங்கை வைத்திருப்பதா, விற்பதா?

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருப்பவர், ராசிபுரத்தில் துணிக்கடை நடத்துபவர், சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்குப் பார்ப்பவர்... இவர்கள் எல்லோருடைய செல்போனிலும் இன்று டீமேட் கணக்கு இருக்கிறது. காலையில் முட்டை விலை என்ன என்று பார்க்கும் கையோடு பங்கு விலையையும் பார்த்துவிடுகிறார்கள்.

பெரிய கம்பெனிப் பங்குகளைப் பற்றி இவர்களுக்குள் அதிகம் சண்டை வருவதில்லை. பிரச்னையெல்லாம் விலை சரிந்து கிடக்கும் சின்ன டெக்னாலஜி கம்பெனிகளால்தான். அந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"இன்னும் ஒரே ஒரு பெரிய ஆர்டர் வரட்டுங்ணா, பிச்சுக்கிட்டுப் போயிடும்."

"மூணு வருசமா இதையேதான் தம்பி சொல்லிட்டு இருக்குற."

"அதுக்காக நூறு ரூபாய்க்கு வாங்குனதை இருபதுக்கா விக்க முடியும்? வாங்கின விலைக்கு வரட்டும், அன்னிக்கே வித்துடுவேன்."

கடைசி வரியைக் கவனித்தீர்களா? அதில் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நாம் வாங்கிய விலை நமக்குத்தான் முக்கியம். அந்த விலை சந்தைக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. ஆனால், சிறு முதலீட்டாளர்களின் பணம் ஆண்டுக்கணக்கில் முடங்கிப்போவது பெரும்பாலும் இந்த ஒரு வரியால்தான்.

ஸ்மால் கேப் என்றால் என்ன?

மியூச்சுவல் ஃபண்டுகளுக்காக 2017-ல் செபி ஒரு வரையறை கொடுத்தது. மொத்தச் சந்தை மதிப்பின்படி பட்டியலிட்டால், முதல் 100 கம்பெனிகள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், 251-ல் இருந்து கீழே உள்ளவை எல்லாம் ஸ்மால் கேப். நல்ல கம்பெனிகளும் இதில் உண்டு. ஆனால், ஒரு பெரிய வாடிக்கையாளர் விலகினாலோ, கடன் தவணை தவறினாலோ ஆட்டம் கண்டுவிடும் கம்பெனிகளும் இதில்தான் அதிகம்.

சென்னையில் நடந்த கதை

இன்றைய இளைஞர்கள் பலருக்குப் பென்டாமீடியா கிராபிக்ஸ் என்ற பெயரே தெரியாது. பென்டாஃபோர் சாஃப்ட்வேர் என்ற பெயரில் வளர்ந்து, பிறகு பெயர் மாற்றிக்கொண்ட சென்னை கம்பெனி அது. வெறும் காகிதக் கம்பெனி அல்ல. நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து அனிமேஷனாக மாற்றும் 'மோஷன் கேப்சர்' முறையிலேயே முழு நீளமும் உருவான 'சின்பாத்' படம் 2000-ல் வெளிவந்தது. 'பாண்டவாஸ்' என்ற 3டி அனிமேஷன் படம் தேசிய விருதும் வாங்கியது.

அப்போது டெக்னாலஜி பங்கு என்றாலே திருவிழாதான். பங்குத் தரகர் கேதன் பரேக் விரும்பி வாங்கியதால் 'கே-10' என்று அழைக்கப்பட்ட பங்குகளில் பென்டாமீடியாவும் ஒன்று. ஆனால், 2000 மார்ச்சில் உச்சம் தொட்ட அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு சரியத் தொடங்கியது. 2001 மார்ச்சில் இங்கும் சந்தை கலங்கியது. கேதன் பரேக் கைதானார். பங்குச் சந்தையில் ஈடுபட அவருக்கு 14 ஆண்டுகள் தடை விதித்தது செபி.

நூற்றுக்கணக்கான ரூபாயில் விற்ற பென்டாமீடியா பங்கு, பிற்காலத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு இறங்கியது. திறமை இருந்தது, விருது இருந்தது, 'இந்தியாவிலேயே முதல்' என்ற பெருமையும் இருந்தது. 'பழைய விலை வரும்' என்று காத்திருந்தவர்களுக்கு அது வரவே இல்லை.

'சுஸ்லான் ஏறலையா?'

விற்கச் சொன்னால் உடனே வரும் பதில் இது. நியாயமான கேள்விதான். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும் காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். அந்தத் தொழிலில் முன்னணியில் இருந்த சுஸ்லான் கடனில் மூழ்கி, 2020 மார்ச்சில் அதன் பங்கு 2 ரூபாய்க்கும் கீழே போனது. 2024 செப்டம்பரில் 80 ரூபாயைத் தாண்டியது.

ஆனால், இது சும்மா ஏறவில்லை. 2020-ல் கடன் சீரமைக்கப்பட்டது. 2022-ல் உரிமைப் பங்குகள் மூலமும், 2023-ல் பெரிய நிறுவனங்களுக்குப் பங்குகள் விற்றும் பணம் திரட்டிக் கடனை அடைத்தார்கள். காற்றாலை ஆர்டர்களும் திரும்ப வந்தன. அதாவது, முதலில் மாறியது கம்பெனி. பிறகுதான் விலை மாறியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2008 தொடக்கத்தில் இதே பங்கை 400 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்களும் உண்டு. 16 ஆண்டுகள் கழித்து வந்த அந்த 80 ரூபாய், அவர்கள் போட்டதில் ஐந்தில் ஒரு பங்குதான்!

கோழிப் பண்ணைக் கணக்கு

நாமக்கல் பண்ணையாளர்களிடம் இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. முட்டைக் கோழியைச் சுமார் 80 வாரம் வரை வளர்ப்பார்கள். முட்டை குறைந்து, தீவனச் செலவுக்கே கட்டவில்லை என்றால் கறிக்கு அனுப்பிவிடுவார்கள். 'இதுவரை இவ்வளவு தீவனம் போட்டேனே, அதை எடுக்கும்வரை வைத்திருப்பேன்' என்று யாரும் சொல்வதில்லை. இனிமேல் முட்டை வருமா என்பதுதான் கேள்வி. பண்ணையில் இத்தனை கறாராக இருப்பவர்கள்கூட, பங்கு விஷயத்தில் போட்ட தீவனத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

'ஆவரேஜ்' செய்யும் ஆபத்து

விலை குறைந்ததும் இன்னும் வாங்கிப் போட்டுச் சராசரி விலையைக் குறைப்பது பலரின் வழக்கம். கணக்கைப் பாருங்கள். 100 ரூபாய் வீதம் 100 பங்குகள்: முதலீடு 10,000 ரூபாய். விலை 20 ஆனதும் இன்னொரு 10,000 ரூபாய்க்கு 500 பங்குகள். சராசரி சுமார் 33 ரூபாய் ஆகிவிட்டது, மனசுக்கு நிம்மதி. விலை 5 ரூபாய்க்கு இறங்கினால்? கையில் இருப்பது 3,000 ரூபாய், நஷ்டம் 17,000. சும்மா இருந்திருந்தால் நஷ்டம் 9,500 மட்டுமே.

வாதம் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

இவை எல்லாமே பங்குச் சந்தைகளின் இணையதளங்களிலும் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் இலவசமாகக் கிடைக்கும்.

1. பணம் வருகிறதா? லாபம் காட்டினால் போதாது. முட்டை லாரி கிளம்பிவிட்டது, வியாபாரி இன்னும் பணம் தரவில்லை என்றால் பண்ணையாளர் என்ன செய்வார்? கம்பெனிக்கும் அதேதான். லாபம் ஏறியும், வரவேண்டிய பாக்கி அதைவிட வேகமாக ஏறினால் உஷார்.

2. நிறுவனரின் பங்குகள் அடமானத்தில் இருக்கின்றனவா? விலை சரியும்போது கடன் கொடுத்தவர் அவற்றை விற்றால், சரிவு இன்னும் வேகமாகும்.

3. ஆடிட்டர் பாதியில் விலகினாரா? 'சொந்தக் காரணம்' என்று ஒரு வரியில் முடித்திருந்தால், இரண்டு முறை யோசியுங்கள்.

4. புதுப் பங்குகள் அடிக்கடி வெளியிடப்படுகின்றனவா? அப்படியென்றால், கம்பெனி மீண்டாலும் அதில் உங்கள் பங்கு சுருங்கிக்கொண்டே போகும்.

5. விற்க முடியுமா? தினமும் 5 சதவிகித 'லோயர் சர்க்யூட்'டில் மாட்டும் பங்கை வாங்க ஆளே இருக்காது. திரையில் தெரியும் விலை உங்கள் கைக்கு வராது.

ஒரு கூடுதல் தகவல். நஷ்டத்துக்கு விற்றால் எல்லாமே வீண் என்று இல்லை. உரிய தேதிக்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால், அந்த மூலதன நஷ்டத்தை விதிகளுக்கு உட்பட்டு எட்டு ஆண்டுகள் வரை, பின்னால் வரும் மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.

வீட்டில் தெரியுமா?

சீட்டு எடுத்த பணம், நகையை வைத்து வாங்கிய பணம், பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்துவைத்த பணம்... இவையெல்லாம் சரிந்த பங்கில் மாட்டியிருந்தால், 'வாங்கின விலை வரட்டும்' என்று காத்திருக்க நேரம் இருக்காது. ஃபீஸ் கட்டும் தேதி யாருக்காகவும் தள்ளிப்போகாது.

அதனால், இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு செல்போனை எடுத்து வீட்டில் இருப்பவர்களிடம் காட்டுங்கள். 'இது கையில் இல்லாமல், இன்றைய விலைக்கான பணம் மட்டும் என்னிடம் இருந்தால், இதே பங்கை வாங்குவேனா?' என்று அவர்கள் முன்னாலேயே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். 'வாங்குவேன்' என்றால் காரணத்தைச் சொல்லுங்கள். சொன்ன காரணத்தில் நீங்கள் வாங்கிய பழைய விலை வந்தால், அது காரணமே இல்லை.