படகுக்குப் பின்னால் 18 மீட்டர்

சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் அக்கா ஊரான செம்மநத்தம் போய்ச் சேர்வதற்குள் பலூனாகிவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காடு போய், அக்கா வீட்டுத் திண்ணையில் பையைத் திறந்தால் பாக்கெட் உப்பிப்போய் உட்கார்ந்திருக்கிறது. கல்லூரி விடுமுறையில் வந்திருந்த அக்கா மகன் அதை ஒரு தட்டுத் தட்டினான். ‘டம்’ என்றது.

“கோவாவுல போட்டுக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போனாங்களே, அந்த டியூபும் இப்படித்தான் மாமா கெட்டியா இருந்துச்சு. நம்ம ஏரியிலயும் அதை விட்டா என்ன?”

ஏற்காட்டு ஏரியில் பெடல் படகில் போனவர்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது தோன்றியிருக்கக்கூடிய ஆசைதான். அவன் தட்டிய பாக்கெட்டிலிருந்தே தொடங்கலாம்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டர். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, ஏற்காட்டை எட்டும்போது சேலத்தில் இருந்ததைவிடச் சுமார் 14 சதவீதம் குறைந்துவிடுகிறது. பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்றுக்கு இது தெரியாது. அது பழைய பலத்தோடே தள்ள, பாக்கெட் உப்புகிறது. டியூபும் இப்படித்தான். வெளிக்காற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் அழுத்தம் இருந்தாலே டியூப் விறைப்பாக நிற்கும். அப்படிக் காற்றடித்த டியூபை சேலத்திலிருந்து வேனில் ஏற்றி வந்தால், மலைக்குளிர் கொஞ்சம் தணித்தாலும், அந்தக் கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகும். தையல் விட்டுப்போக அது போதும். காற்றை ஏரிக்கரையில் வந்து அடிப்பதுதான் சரி. வெயிலில் கிடந்தாலும் உப்பும் என்பதால் அப்போது கொஞ்சம் இறக்கிவிட வேண்டும்.

இதெல்லாம் சின்ன சங்கதி. பெரிய சங்கதி வளைவில் இருக்கிறது.

படகு நேராகப் போகும்வரை டியூபும் அதே வேகத்தில் பின்னால் வரும். படகு திரும்பியதும் கதை மாறுகிறது. படகின் அடிப்பாகம் தண்ணீரை வெட்டிப் பிடித்துக்கொண்டு திரும்புகிறது. டியூபுக்கு அப்படிப் பிடிமானம் கிடையாது. வழவழப்பான தட்டை வயிறு. போய்க்கொண்டிருந்த திசையிலேயே வழுக்கிப் போகப் பார்க்கும், கயிறு அதை உள்ளே இழுக்கும். இந்த இழுபறியில் டியூப், படகு போடும் வட்டத்துக்கு வெளியே இன்னொரு பெரிய வட்டத்தில் போய்விடுகிறது. கவணில் கல்லைச் சுழற்றியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போடலாம். படகு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், 25 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்புகிறது. கயிறு 18 மீட்டர். டியூப் 35 மீட்டர் ஆரத்துக்கு விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். படகு ஒரு சுற்று முடிக்கும் நேரத்தில் டியூபும் தன் பெரிய சுற்றை முடித்தாக வேண்டுமே! அப்படியென்றால் அதன் வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர். ஓட்டுபவரின் கையில் எதுவும் கூடவில்லை. பின்னால் இருப்பவரின் இயக்க ஆற்றலோ கிட்டத்தட்ட இரு மடங்காகிவிட்டது.

மாடிக் கணக்கில் சொன்னால் உறைக்கும். 30 கிலோமீட்டர் வேகம் என்பது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தரையைத் தொடும் வேகம். 42 என்பது 7 மீட்டர் உயரத்துக்குச் சமம். இரண்டு தளம் கட்டிய வீட்டு மொட்டை மாடி. தண்ணீரில் சாய்வாக விழுவதால், குளத்தில் ஓட்டுச்சில்லு தத்திப் போவதுபோல, உடம்பும் தத்தித் தத்திப் போய் வேகம் குறையும். அதனால்தான் விழுந்தவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே எழுகிறார்கள். எதிரே கரையோ, இன்னொரு படகோ, கூட வந்தவரின் மண்டையோ இருந்துவிட்டால் அந்தச் சிரிப்பு இல்லை. இந்த டியூப்களில் பெரியவர்களுக்கு 32 கிலோமீட்டர், சிறுவர்களுக்கு 24 என்பதே பொதுவாகச் சொல்லப்படும் உச்ச வேகம். அதுவும் நேர் ஓட்டத்துக்குத்தான். வளைவுக்கு முன் குறைத்தே தீர வேண்டும்.

வேகத்தை இன்னொரு விதமாக விற்கப் பார்த்து முடியாமல் போன கதை ஒன்றும் உண்டு. காற்றில் எழும்பிப் பறக்கும் ‘கைட் டியூப்’ ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இருவர் இறந்து, பலர் காயப்பட்ட பின், 2006 ஜூலையில் சுமார் 19,000 டியூப்களைத் திரும்பப் பெற்றார்கள்.

கயிறு விஷயத்தில் நம் ஊர் வழக்கம் எனக்குக் கவலை தருகிறது. எதையும் எந்தக் கயிற்றாலும் கட்டிவிடுவோம். அமெரிக்க நீர்விளையாட்டுத் தொழில் சங்கம் ஒருவர் ஏறும் டியூபுக்கு 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ தாங்கும் கயிறும், இருவருக்கு 2,375 பவுண்டு தாங்கும் கயிறும் வேண்டும் என்கிறது. நீளம் 50 அடிக்குக் குறையாமல், 65 அடிக்கு மிகாமல். ஆள் எடை 70 கிலோதானே என்றால், தொய்ந்து கிடக்கும் கயிறு திடீரென்று விறைக்கும்போது வரும் வெட்டு எடையைப் பார்த்து வருவதில்லை. கடைத்தெரு நைலான் கயிறு இதற்கு ஆகாது. தண்ணீரைவிடக் கனமானது, மூழ்கிப் படகின் விசிறியில் சுற்றும். ரப்பர்போல இழுபடுவதால், அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வந்து அடிக்கும். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், கண்ணுக்கும் தெரியும்.

படகில் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் முன்னால் பார்க்க, இன்னொருவர் பின்னால் பார்க்க. மலைப்பாதையில் கண்டக்டர் விசில் இல்லாமல் பஸ்ஸைப் பின்னால் எடுப்போமா? இங்கே ஆபத்து முழுவதும் பின்னால்தான். சத்தம் கேட்காது என்பதால் சைகைதான் பேச்சு. அந்தச் சைகையில் நம்மவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது.

“நீ கட்டை விரலைத் தூக்கிக் காட்டினியா?” என்று கேட்டேன்.

“ஆமா மாமா. செமயா இருக்குன்னு காட்டினேன். காட்டக் காட்ட ஸ்பீடாப் போனாரு.”

போகத்தான் செய்வார். இந்த விளையாட்டில் கட்டை விரல் மேலே என்றால் ‘இன்னும் வேகம்’, கீழே என்றால் ‘குறை’. கழுத்தை அறுப்பதுபோல் காட்டினால் ‘இஞ்சினை நிறுத்து’. விழுந்தவரைத் தூக்கப் போகும்போது ஓட்டுபவர் தன் பக்கமாக, கண்ணில் படும்படி, மெதுவாக நெருங்க வேண்டும். கிட்டே வந்ததும் கியரை நியூட்ரலில் போட்டால் போதாது, இஞ்சினையே அணைக்க வேண்டும். ஓட்டத்தில் அந்த விசிறி நொடிக்கு 40 சுற்றுப்போலச் சுற்றுவது.

“சரி, நம்ம ஏரி?” விடவில்லை அவன்.

காபி குடித்த டம்ளரைத் திண்ணையில் கவிழ்த்தேன். ஈர வட்டம் விழுந்தது. அதைச் சுற்றி வருமாறு டபராவைக் கவிழ்த்தேன். உள்வட்டம் படகு, வெளிவட்டம் டியூப். வெளிவட்டத்தின் குறுக்களவு மட்டும் 70 மீட்டர். கரையும் மற்ற படகுகளும் எந்தப் பக்கமும் 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஆக, 130 மீட்டர் காலித் தண்ணீர்.

அவன் பாக்கெட்டைப் பிரித்தான். புஸ்ஸென்று காற்று போயிற்று. ஒரு சிப்ஸை எடுத்து இரண்டு வட்டத்துக்கும் நடுவே வைத்தான். “இது பெடல் போட்டு.” இன்னொன்றை வெளிவட்டத்தை ஒட்டி வைத்தான். மூன்றாவதை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மூன்றையும் எடுத்துத் தின்றுவிட்டான்.