புத்தகம் ஏந்த வேண்டிய கைகள்

“திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர்” என்பர் நம் முன்னோர். பயிர் என்றால் அதற்கு ஒரு பருவம் உண்டல்லவா? பருவம் தப்பி விதைத்தால் விளைச்சலும் இல்லை, விதைநெல்லும் வீண். ஆயினும் ஏழை நாடுகள் பலவற்றில் நம் வயதுச் சிறுமியர் பருவத்திற்கு முன்பே மணமகள் ஆக்கப்படுகின்றனர். ஆண்டுதோறும் பதினெட்டு வயது நிறையாத சுமார் 1 கோடியே 20 லட்சம் பெண்களுக்குத் திருமணம் நடப்பதாக யுனிசெப் நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இதன் விளைவை அறியக் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள எத்தியோப்பியாவை எடுத்துக்கொள்வோம். அங்கு 2016-ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி, 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் பதினெட்டு வயதிற்கு முன்பே மணமானவர்கள். அவர்களுள் 14 பேருக்குப் பதினைந்து வயதுகூட ஆகவில்லை!

பெற்றோருக்கு மகள்மீது அன்பில்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வீட்டில் வறுமை, பள்ளியோ வெகு தூரம். வழியில் பெண்ணைத் தூக்கிச் சென்று மணக்கும் கொடுமையும் சில பகுதிகளில் இருந்தது. ஆகவே ஒரு வீட்டில் ஒப்படைத்துவிட்டால் மகளுக்குப் பாதுகாப்பு என்று எண்ணுகின்றனர். ஆனால் அந்தப் பாதுகாப்பே அவளுக்கு ஆபத்தாகிறது.

முதலில் படிப்பு நிற்கிறது. அடுத்து உடல்நலம் கெடுகிறது. இடுப்பெலும்பு முழு வளர்ச்சி பெறாத சிறுமி தாயாகும்போது பிரசவம் தடைப்படலாம். அருகில் மருத்துவமனை இல்லையெனில் நாட்கணக்கில் வேதனைப்படுவாள். பெரும்பாலும் குழந்தை இறந்தே பிறக்கும். தாய் பிழைத்தாலும், உள்ளுறுப்பில் துளை விழுந்து சிறுநீர் ஓயாமல் கசியும் ‘பிஸ்டுலா’ என்னும் நோய்க்கு ஆளாகலாம். நாற்றத்தால் கணவனும் ஊராரும் ஒதுக்கிவைக்க, தனிக் குடிசையில் காலங்கழிக்கும் பெண்கள் பலர்.

இவர்களுக்காகவே நியூசிலாந்து மருத்துவரான ரெஜினால்டு ஹாம்லின், ஆஸ்திரேலிய மருத்துவரான கேத்தரின் ஹாம்லின் தம்பதியர் 1974-இல் அடிஸ் அபாபா நகரில் ஒரு மருத்துவமனை நிறுவினர். பல்லாயிரம் பெண்கள் அங்கே நலம் பெற்றுள்ளனர். அத்தம்பதியரிடம் இளவயதில் நோயாளியாக வந்தவர் மாமிட்டு காஷே. பள்ளி வாசலை மிதித்திராத அவர், மருத்துவர்களுக்குத் துணைநின்று பழகி, பிற்காலத்தில் தாமே அந்த அறுவைச் சிகிச்சையைச் செய்யும் திறமை பெற்றார். அப்படியானால், சிறு வயதில் மணமாகி மறைந்த எத்தனை சிறுமியரின் திறமைகளை உலகம் இழந்திருக்கும்!

எத்தியோப்பியாவில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் திருமண வயதை 15 என வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டில் அது 18 ஆக உயர்ந்தது. ஆனால் சட்டம் மட்டும் போதவில்லை. 2004-இல் அம்ஹாரா மாநிலத்தின் ஒரு கிராமப் பகுதியில் ‘பெர்ஹானே ஹேவான்’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. இதன் பொருள் ‘ஏவாளுக்கு ஒளி’ என்பதாகும். சிறுமியருக்கு நோட்டும் பேனாவும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினர். பெற்றோருடன் அமர்ந்து பேசினர். இரண்டாண்டுகள் மணமாகாமல் தவறாது வந்த சிறுமியின் குடும்பத்திற்கு ஓர் ஆடு பரிசு. 10 முதல் 14 வயதுச் சிறுமியரிடையே திருமணம் வெகுவாகக் குறைந்தது! ஓர் ஆட்டின் விலையில் ஒரு சிறுமியின் குழந்தைப் பருவம் காக்கப்பட்டது.

இது எங்கோ நடக்கும் கதை என்று நாம் எண்ணலாகாது. நம் நாட்டில் 1929-ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்றது. 1978-இல் அது 18 ஆயிற்று. ஆயினும் சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது எங்கள் வகுப்பில் ஓர் இடம் காலியாக இருந்தது. “அவளுக்குக் கல்யாணமாம்” என்று மெல்லப் பேசிக்கொண்டோம். பிறகு பரீட்சைக் கவலையில் மறந்துவிட்டோம். ஆசிரியையிடமோ, 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணிலோ நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை எழுதும்போது அது எங்கள் நெஞ்சை உறுத்துகிறது.

தோழியரே! வகுப்பில் இனி ஓர் இடம் காலியானால், ஏன் என்று கேட்போம். கேட்பதற்குக் காசு வேண்டாம், ஆடும் வேண்டாம். சிறிது துணிவு போதும்.

— பத்தாம் வகுப்பு மாணவி